பதினான்காம் வளைவில் பூமி

ரியாஸ்,

நினைத்த மாத்திரத்தில் ஆக்கிவிடக்கூடிய ஒருவனுக்கு ஏன் இவ்வளவு காலம் தேவைப்பட்டது? திங்கட்கிழமை காலை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு நீ கேட்ட கேள்வி இது. நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். யோசிக்கிறேன் என்று நீ நினைத்திருக்கலாம். யோசிக்கவில்லை. தெரியாது என்பதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் உயிரியல் சொல்லிக் கொடுத்தவள், ஐந்து வேளையில் மூன்று வேளையாவது தொழுகிறவள், ஆகவே அம்மாவிடம் ஏதாவது விடை இருக்கும் என்று நம்பித்தான் கேட்டாய். இல்லை கண்ணு. இந்தக் கடிதத்தின் கடைசியிலும் இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. நீயும் அத்தாவும் மிளகு எடுக்க மாரமங்கலத்துக்கு வேனில் போயிருக்கிறீர்கள். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைப் பகல் ரயிலுக்கு, சேலத்திலிருந்து பெங்களூருக்கு, உன் பெயரில் ஒரு டிக்கெட் இருக்கிறது. நீ கேட்காமலே அத்தா எடுத்தது. நீ அதில் ஏறுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தாவுக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஆராய்ச்சியை விட்டுவிட்டேன், இனி கடையில் உட்காருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீ வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. தொழுகைக்காகப் படிப்பை விட்டிருந்தால் தொழுதிருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் நீ ஜும்மாவுக்குக்கூடப் போகவில்லை. இரண்டையும் கீழே வைத்துவிட்டு, முறத்தில் ஏலக்காயைக் கொட்டிப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாய். உன் வயதில் ஒருவன் ஏலக்காயை அவ்வளவு கவனமாகப் பார்த்தால் பெற்றவளுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். இப்போதுகூட ஒரு காரில் வந்தவர்கள் தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் தேனுங்களா?" என்று கேட்டார்கள். "எடுத்துட்டு வந்தவரு ஒரிஜினல்னு சொன்னாருங்க. நான் கூடப் போகலீங்க" என்றேன். "என்னங்க, வியாபாரி நீங்களே இப்பிடிச் சொல்றீங்க?" என்றார் அந்த அம்மா. "வியாபாரி எங்க ஊட்டுக்காரருங்க. அவரு இருந்தா சத்தியமே பண்ணிக் குடுப்பாரு." சிரித்துவிட்டு இரண்டு பாட்டில் வாங்கிப் போனார்கள். நம் வீட்டில் யார் எப்படி என்பதை அவர்கள் இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். பாறை இடுக்குகளில் வாழும் குட்டிப் பல்லிகளைப் பற்றியது உன் ஆராய்ச்சி. சேர்வராயன் மலையில் இருப்பது ஒரு இனம், கொல்லிமலையில் இருப்பது வேறொன்று. நடுவில் இருக்கிற சமவெளியின் சூட்டைத் தாண்டி அதனால் வர முடியாது. கடலுக்கு நடுவே தீவு மாதிரி வெயிலுக்கு நடுவே மலை. ஒரே வம்சம் மலைக்கு மலை பிரிந்து, லட்சக்கணக்கான வருடங்களில் வேறு வேறாகிவிட்டது. இதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை நீ சொன்னபோது அந்த முகம் இல்லை. "பல்லி வரைக்கும் எனக்குப் பிரச்சனை இல்லம்மா. அதே கணக்கு மனுஷன்கிட்டயும், என்கிட்டயும் வந்து நிக்குது. தொழுகையில நிக்கறப்ப லேப்ல பொய் சொன்ன மாதிரி இருக்குது. லேப்ல நிக்கறப்ப தொழுகையில பொய் சொன்ன மாதிரி இருக்குது. எங்க நின்னாலும் இன்னொரு எடத்துல நான் பொய்யன்." பிறகுதான் கேட்டாய், நீங்க மட்டும் ரெண்டையும் எப்படி வெச்சிருக்கீங்க என்று. தொழும்போது பாடத்தை நினைப்பதில்லை, பாடம் நடத்தும்போது தொழுகையை நினைப்பதில்லை என்றேன். "அது மேசையில ரெண்டு டிராயர் இருக்கற மாதிரிம்மா. என்கிட்ட ஒரே டிராயர்தான் இருக்குது" என்றாய். நீ அதை எகத்தாளமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உன் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று யோசித்தால், அது நம் மலைப்பாதையிலிருந்து என்றுதான் தோன்றுகிறது. சின்ன வயதில் சேலத்திலிருந்து மேலே வரும்போதெல்லாம் உனக்குக் குமட்டும். ஏழாவது கொண்டை ஊசி வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாய். உன் கவனத்தைத் திருப்புவதற்காக நான் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். அடிவாரத்தில் எல்லாம் தொடங்குகிறது, இருபதாவது வளைவின் பலகை இன்றைய தேதி, ஒரு வளைவுக்கு ஏறக்குறைய எழுபது கோடி வருடம். வளைவுகள் சமதூரத்தில் இல்லை, இருபதுக்குப் பிறகும் ஏரி வரை சாலை இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாந்தியை நிறுத்த அவ்வளவு துல்லியம் தேவைப்படவில்லை. முதல் வளைவுக்குள்ளேயே நட்சத்திரம். பதினான்கு வரும்போது சூரியனும் பூமியும். பதினைந்தில் முதல் உயிர். அதற்கப்புறம் நீ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாய், பதினாறு, பதினேழு, பதினெட்டு, ஒன்றும் வராது. "அது வரைக்கும் அது என்னம்மா பண்ணிட்டு இருக்கும்?" "பாசியா இருக்கும்." "அதுக்கு போரடிக்காதா?" பத்தொன்பதைத் தாண்டியதும் மீன், தவளை, பல்லி என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். இருபதாவது பலகையை எட்ட ஒரு முழம் இருக்கும்போது மனிதன். ஒரு முழத்தைக் கையால் காட்டச் சொல்லிக் கேட்பாய். காட்டுவேன்.

அதே வேனில், அதே நேரத்தில், முன்சீட்டில் அத்தா இருந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் ஒரு "பிஸ்மில்லாஹ்" சொல்லுவார், ஒரு ஹாரன் அடிப்பார், பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆக, "பிஸ்மில்லாஹ்", ஹாரன், "பூமி வந்துருச்சு பாரு" என்ற வரிசையில்தான் உன் காதில் எல்லாம் விழுந்தது. நான் சொன்னதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் சொன்னதை நான் ஒருநாளும் விளக்கவில்லை. குழந்தை வாந்தி எடுக்காமல் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று இரண்டு பேரும் இருந்தோம். உள்ளே போனது இரண்டும் அங்கே என்ன பேசிக்கொள்ளும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல்லியைக் கண்டால் விடமாட்டார்கள். அடித்தால் நன்மை என்று கேட்டு வளர்ந்தவர்கள். உன் பெரிய அத்தை விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டால் அன்றைக்குச் சுவரில் ஒன்றும் மிஞ்சாது. அத்தாவும் அப்படித்தான் இருந்தார், நீ பல்லிப் படிப்புக்குப் போகும்வரை. நீ பெங்களூர் போன வருடம் ஒருநாள் கடையில் ஏலக்காய் மூட்டையிலிருந்து ஒன்று துள்ளி விழுந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை செருப்பைக் கழற்றினார். அத்தா நடுவில் வந்து நின்றுகொண்டார். "உடுங்கக்கா, அது நம்ம பையன் சோறு" என்றார். ஓர் அட்டையில் அதை ஏற்றிப் பின்பக்கச் சுவரில் விட்டுவிட்டு வந்தார். "அப்போ நன்மை?" என்று அத்தை கேட்டதற்கு, "அத வேற எதுலயாச்சும் சம்பாரிச்சுக்கலாம்" என்றார். அவர் எந்தப் புத்தகத்தையும் படித்து அந்த முடிவுக்கு வரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. அவர் கை முதலில் நகர்ந்துவிட்டது. என்னால் அப்படி முடியாது. எனக்குக் கையை நகர்த்துவதற்கு முன்னால் காரணம் வேண்டும். நீ அந்த விஷயத்தில் என் பிள்ளை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நடந்ததை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நீ தொழுகையை விட்டது அத்தாவை உள்ளுக்குள் அரித்துவிடும் என்று எனக்குத் தோன்றியதால், அவருக்குத் தெரியாமல் நான் பள்ளிவாசல் அஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். "பையன் தொழ வரமாட்டேங்கறானுங்க அஜ்ரத். நீங்க ஊட்டுப் பக்கம் வந்து ஒரு வார்த்த பேசணும்" என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தாடியைத் தடவினார். "இதே கேள்விக்கு நான் ஓதற வயசுல அடி வாங்கியிருக்கேன் டீச்சர்."

"அப்ப பதில் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா எதுக்கு அடி வாங்கறேன்? படைச்சவன்கிட்ட ஒரு நாளுங்கறது நம்ம கணக்குல ஆயிரம் வருஷம்னு சொல்லிக் குடுத்தாங்க. அதோட நிறுத்திக்கிட்டேன்."

"ஆயிரமில்லீங்க, கோடிக்கணக்குல போவுது."

"அதுக்குத்தான் நிறுத்திக்கிட்டேன்னு சொல்றேன்" என்றவர், "வர்றேன். ஆனா பல்லியப் பத்தி மட்டும் என்னைப் பேசச் சொல்லாதீங்க" என்றார்.

அதே நேரத்தில் அத்தா எனக்குத் தெரியாமல் வேறொரு வேலை பார்த்திருக்கிறார். நீ படிப்பை விட்டது என்னை உடைத்துவிடும் என்று அவருக்குப் பயம். நம் கடையில் காபித்தூள் வாங்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியரின் வீட்டுக்குக் கால்கிலோ மிளகோடு போயிருக்கிறார். பேராசிரியரே பிறகு என்னிடம் சொன்னார். "பையன் மறுபடி பல்லி புடிக்கப் போகணுங்க சார், நீங்கதான் புத்தி சொல்லணும்னு நின்னாருங்க மேடம். உங்களுக்கு இதுல மனத்தாங்கல் ஒண்ணும் இல்லீங்களா பாய்னு கேட்டேன். படைச்சவனே இத்தன விதமா உட்டு வெச்சிருக்கான், எனக்கென்னங்க சார்ங்கறாரு."

நாங்கள் இருவரும் வரச்சொன்னது ஒரே சாயந்திரம் என்பது இரண்டு பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அஜ்ரத் ஒரு நாற்காலி, பேராசிரியர் எதிர் நாற்காலி, நடுவில் முறத்தோடு நீ. நான் டீ கொடுத்தேன். அத்தா பிஸ்கட் வைத்தார். ஒருவரை ஒருவர் எதற்காக வந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, இருவருமே ஆரம்பிக்கவில்லை. மழை இந்த வருடம் தள்ளிப் போனது பற்றிப் பேசினார்கள். பிறகு முழங்கால் வலி. "தொழறப்ப உக்காந்து எந்திரிக்கறது நொம்ப செரமமா இருக்குதுங்க" என்றார் அஜ்ரத். பேராசிரியர் ஒரு தைலத்தின் பெயர் சொன்னார். அது மூட்டுக்குள் எப்படிப் போகும் என்பது பற்றித் தனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் தடவினால் வலி குறைகிறது என்றும் சொன்னார். அஜ்ரத் அந்தப் பெயரை உன்னிடம் சொல்லிக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். ஒருவருடைய டார்ச் வெளிச்சத்தில் இன்னொருவர்.

வாசலை மூடிவிட்டு நான் திரும்பியபோது நீ சொன்னாய். "ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்க போலருக்குது. அம்மா அஜ்ரத்தக் கூட்டியாறாங்க, அத்தா புரொபசரக் கூட்டியாறாரு." அத்தா தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட் தட்டை எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். நீ விடவில்லை. "நான் தொழலீன்னா அத்தா ஒடஞ்சு போயிருவாருன்னு உங்களுக்குப் பயம். நான் படிக்கலீன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு அவருக்குப் பயம். எனக்காக இந்த ஊட்ல யாரும் பயப்படல." சத்தம் போடாமல்தான் சொன்னாய். முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அன்றிலிருந்து நாம் மூன்று பேரும் சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை.

நீ சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதியை நான் எழுதித்தான் சொல்ல முடியும், வாயால் வராது.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒருத்தி பிறந்தாள், உன் அக்கா. பெயர் உனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் உன்னிடம் பேசியதில்லை. நாற்பது நாள்கூட நிறையவில்லை அவளுக்கு. சேலத்தில் அந்த டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். என்னிடம் பாதி, அத்தாவிடம் பாதி, இருவரையும் ஒன்றும் செய்யாமல் ஒளிந்திருந்த ஒரு பிசகு, அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. உயிரணு தன்னைத்தானே நகல் எடுக்கும்போது எப்போதோ, யாரோ ஒரு மூதாதையிடம், நேர்ந்த பிசகு. டாக்டர் விளக்கி முடித்ததும் நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது. வகுப்பில் நடத்துகிற பாடம்தானே. அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர், கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்றார். புரிந்த எனக்குத் தூக்கம் வரவில்லை. புரியாத அவருக்கும் வரவில்லை. அவர் ஜும்மா முடிந்ததும் ஒவ்வொரு வாரமும் அவளை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார். நான் போவதில்லை.

இப்போது கவனி. உன் பல்லிகளை மலைக்கு மலை வேறாக்கியதும் அதே பிசகுதான். நகல் எப்போதும் பிசகாமல் இருந்திருந்தால் பாசியே கடைசி வரை பாசியாக இருந்திருக்கும். மீன் இல்லை, பல்லி இல்லை, நான் இல்லை. நான் இல்லாவிட்டால் அவளும் இல்லை. பிசகு இருந்ததால் அவள் வந்தாள், பிசகு இருந்ததால் அவள் போனாள். ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடத்துக்கு வரும்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன். அதற்கு மேல் கணக்கு நகர்வதில்லை. இதை ஒருவன் உட்கார்ந்து தீர்மானித்தான் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. ஒருவனும் இல்லை, தானாக நடந்தது என்றால் கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லையே என்று இருக்கிறது. சில நாள் தொழுகை விரிப்பில் நான் உட்கார்ந்திருப்பது பக்தியினால் அல்ல ரியாஸ். கேட்பதற்கு வேறு இடம் தெரியாததால். நீ கேட்டாயே, ஏன் இவ்வளவு காலம் என்று. நான் கேட்பது ஏன் அவ்வளவு கொஞ்சக் காலம் என்று. இரண்டும் ஒரே கேள்வியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது.

ஆகவே உனக்காக யாரும் பயப்படவில்லை என்று சொல்லாதே. நீ பிறந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை.

அறிவுரை என்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் தாளை எடுத்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் சந்தேகம்தான் அதிகம் இருக்கிறது. தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன். அன்றே சொல்லப்பட்டது இன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று காட்டுகிற வீடியோக்களை உன் மாமா தினமும் அனுப்புகிறார். அவற்றை நம்பாதே. அறிவியல் நாளைக்கே தன் பேச்சை மாற்றிக்கொள்ளும், மாற்றிக்கொள்வதுதான் அதன் தொழில். அதன் தோளில் உன் ஈமானைத் தூக்கி வைத்தால் அது இறக்கிவிட்டுப் போய்விடும். அதே மாதிரி, "நீ பொது மூதாதையைப் பத்தியும் எழுதுவே, களிமண்ணுல மனுஷனப் படைச்சதையும் நம்புவே, கில்லாடிடா" என்று உன் லேப் நண்பன் சிரித்தான் என்றாயே, அவனுக்கும் தலை வணங்காதே. பல்லியின் காலில் எத்தனை எலும்பு என்று தெரிந்தவனுக்கு எல்லாம் ஏன் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. சேலத்துக் கல்யாணத்தில் "குரங்குப் படிப்பு படிக்கறானாமே" என்று கேட்டவரும் இவனும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். இருவருக்குமே தெரியாதது ஒன்றும் இல்லை.

இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று தெளிவாக எழுதியவர்களையும் படித்திருக்கிறேன். படைத்தவன் விதிகளைப் படைத்தான், விதிகள் மீதியைப் பார்த்துக்கொண்டன என்பார்கள். படிக்கும்போது நன்றாக இருக்கும். மூடி வைத்ததும் அந்தச் சின்னப் பெண்ணின் முகம் வந்துவிடும். அவர்கள் சொல்வது தவறு என்று சொல்லமாட்டேன். எனக்குப் போதவில்லை, அவ்வளவுதான். உனக்குப் போதலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் தீர்ந்த பிறகுதான் தொழுவேன், எல்லாம் தீர்ந்த பிறகுதான் லேப்புக்குப் போவேன் என்று உட்கார்ந்துவிடாதே. பொய்யன் என்று உன்னை நீயே சொல்லிக்கொண்டாய். தெரியாமல் நிற்பவன் பொய்யன் இல்லை. தெரிந்த மாதிரி நிற்பவன்தான். உனக்கு ஒரே டிராயர்தான் என்றால் இருக்கட்டும், அதை மூட முடியவில்லை என்றால் திறந்தே கிடக்கட்டும். எட்டிப் பார்க்க நான் வரமாட்டேன்.

வேன் சத்தம் கேட்கிறது. மிளகு மூட்டையோடு வந்துவிட்டீர்கள். நாளைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேருமாகக் கீழே இறங்குவோம் என்று அத்தா சொல்லியிருக்கிறார். நீ சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதை உன் பையில் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயந்திரம்.

கடிதத்தை உன் பையில் வைக்கவில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் நீ இரண்டு பைகளை வாசலில் வைத்தாய். பிறகு ஒன்றை மறுபடி உள்ளே கொண்டு போனாய். எது போகிறது எது தங்குகிறது என்று நான் கேட்கவில்லை. நீ அத்தாவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தாய், நான் பின்னால். பனி இருந்தது. இறங்கும்போது பலகைகள் தலைகீழாக வரும், இருபது, பத்தொன்பது, பதினெட்டு. அத்தா ஒவ்வொன்றுக்கும் தன் வார்த்தையைச் சொல்லி ஹாரன் அடித்தார்.  பதினான்காவது வளைவில் வண்டிகள் நின்றிருந்தன. சவுக்கு மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அத்தா எஞ்சினை அணைத்தார். அரைமணி நேரம் போனது. ரயில் போய்விடும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. 

நீ இறங்கிப் போய் ஓரத்துக் கருங்கல் சுவரின் இடுக்குகளைப் பார்க்க ஆரம்பித்தாய். வேலையாகச் செய்யவில்லை, பழக்கத்தில் செய்தாய். கொஞ்ச நேரத்தில் அத்தாவும் இறங்கி, தன் கைப்பேசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் குனிந்தார். "இது நம்மூரா, கொல்லிமலையா?" "நம்மூருங்க அத்தா. கொல்லிமலைது இங்க எப்பிடி வரும்?" "பஸ்ல கூட வந்திருக்கலாம்." நீ சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க அத்தா, மேல கெளம்பறப்ப ஒருக்கா பிஸ்மில்லாஹ் சொன்னாப் பத்தாதா? எதுக்கு ஒவ்வொரு வளைவுக்கும் சொல்றீங்க?" என்று கேட்டாய். அத்தா டார்ச்சை அணைக்காமல் உன்னைப் பார்த்தார். "மேல ஒரு ஹாரன் அடிச்சா இருவது வளைவுக்கும் கேக்குமாடா?"

நீ சிரித்துவிட்டாய். மூன்று வாரத்தில் முதல் முறை. அத்தாவுக்கு எதற்கு என்று புரியவில்லை, இருந்தாலும் கூடச் சிரித்தார். நான் வேனுக்குள்ளேயே இருந்தேன்.

லாரி நகர்ந்து, நாம் சேலம் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய் நேரமாகிவிட்டது. ஜும்மா நேரம். அத்தா ஒரு பள்ளிவாசலுக்கு எதிரில் வேனை நிறுத்தி, உன்னை ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். நீ என்னோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாய். கூட்டம் நிறைந்து தெருவில் பாய் விரித்திருந்தார்கள். உள்ளே தொழுகைக்கு நிற்கும் அழைப்பு கேட்டதும் நீ ஒரு நிமிடம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கதவைத் திறந்து இறங்கி, ஓரத்துக் குழாயில் கை முகம் கால் கழுவி ஒளு செய்துவிட்டு, செருப்புகள் குவிந்துகிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றாய். உன் முதுகு எனக்குத் தெரிந்தது. குனிந்தாய், நிமிர்ந்தாய், நெற்றியை வைத்தாய். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது முதுகை மட்டும்.

புதிய பஸ் நிலையத்தில் மூன்று மணி பெங்களூர் பஸ்ஸில் ஏறினாய். "அடுத்த மாசம் வந்து அந்த இன்னொரு பையை எடுத்துக்கறேன். இல்ல, ஒரேடியா இங்கயே வந்துர்றனான்னு இன்னும் முடிவு பண்ணல" என்றாய். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் கேட்கவில்லை. அப்போதே கடிதத்தைக் கொடுத்திருக்கலாம். கைப்பைக்குள் கையை விட்டேன். உன் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதன்மேல் இவ்வளவு பாரத்தை வைக்க மனம் வரவில்லை. நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.

திரும்பும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மழை தூறியது. அத்தா வழக்கம்போல ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்காவது பலகை வந்ததும், ஏன் என்று தெரியவில்லை, என் வாய் தானாக, "பூமி" என்றது.

"இப்ப யாருக்குச் சொல்ற?" என்றார் அத்தா.

"யாருக்கும் இல்லீங்க. பழக்கம்."

அவர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஹாரனை அடித்து, அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று ஒரு நொடி காத்திருந்துவிட்டு, வண்டியைத் திருப்பினார். எதிரில் யாரும் வரவில்லை.

அம்மா